பிள்ளை மடுவத்தில் தெரியவரும் கட்டி

பேறுகால விடுப்பின் 84 நாட்கள் முடிந்ததும் தேயிலைத் தோட்டத்துத் தாய்மார் மறுபடியும் கொழுந்து மலைக்கு ஏறுகிறார்கள். மூன்று மாதக் கைப்பிள்ளை தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்துக்குப் போகிறது, இல்லையென்றால் அப்பாயியின் மடிக்குப் போகிறது. ஆண் குழந்தைகளுக்கு ஆசனவாயின் ஓரத்தில் சிவந்து வீங்கும் கட்டி பெரும்பாலும் வருவதும் இந்த மாதங்களை ஒட்டித்தான். அதனால் அட்டன், டிக்கோயா, பொகவந்தலாவை, தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் அதை முதலில் காண்பவர் பல சமயம் தாயாக இருப்பதில்லை. துணி மாற்றும் ஆயா காண்கிறார். குளிப்பாட்டும் பாட்டி காண்கிறார். கொழுந்து நிறுவை முடிந்து லயத்துக்கு இறங்கி வந்த பிறகுதான் தாய்க்குச் செய்தி தெரிகிறது.

அடுத்து நடப்பது அநேகமாக ஒரே மாதிரிதான். சூட்டுக் கட்டி என்கிறார் ஒருவர். மஞ்சள் அரைத்துப் பூசச் சொல்கிறார் இன்னொருவர். வெற்றிலையை வாட்டி வைக்கச் சொல்லும் குரலும் வரும். இரண்டு மூன்று நாளில் கட்டி தானாக உடைந்து சீழ் வெளியேறுகிறது. பிள்ளை அழுகையை நிறுத்திப் பால் குடிக்கிறது, வீடு மூச்சு விடுகிறது. சில வாரம் கழித்து அதே இடத்தில் அதே கட்டி. இந்த முறை யாரோ ஒருவர் ‘பவுத்திரம்’ என்ற சொல்லைச் சொல்லிவிடுகிறார். பவுத்திரத்துக்கு இரண்டு மூன்று முறை ஒப்பரேஷன் செய்தும் சுகமாகாத பெரியவர் யாராவது எல்லோருக்கும் தெரிந்தவராக இருப்பார். அந்தப் பயம் அப்படியே தொட்டிலுக்குள் இறங்குகிறது.

இந்தப் பயம் தேவையில்லாதது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆரோக்கியமான ஆண் குழந்தைக்கு முதல் வயதில் வரும் இந்தக் கட்டியும், அது விட்டுச்செல்லும் சிறு துவாரமும் பெரும்பாலான பிள்ளைகளில் வெந்நீராலும் பொறுமையாலும் ஆறிவிடுகின்றன. ஆனால் இதே இடத்தில், ஏறக்குறைய இதே தோற்றத்தில் வரும் வேறு சில நோய்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஒருநாள் தாமதமும் ஆபத்தாகலாம். இரண்டையும் பிரித்தறியப் பெரிய இயந்திரம் எதுவும் முதலில் தேவைப்படாது. பிள்ளையின் துணியை விலக்கி, வெளிச்சத்தில் நிதானமாகப் பார்க்கத் தெரிந்த ஒருவர் லயத்துக்கு அருகில் இருந்தால் போதும்.

அம்மாவின் குற்றமல்ல

மலக்குடல் முடிந்து ஆசனவாய் தொடங்கும் இடத்தில் வட்டமாகச் சிறு சிறு குழிகள் இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பாதுவா நகரில் உடற்கூறு கற்பித்த ஜியோவன்னி மோர்காஞ்ஞியின் பெயரால் அவை மருத்துவ நூல்களில் அழைக்கப்படுகின்றன. ஒவ்வொரு குழியின் அடியிலும் நுண்ணிய சுரப்பிகளின் வாய்கள் திறக்கின்றன. கைக்குழந்தைகளில் இந்தக் குழிகள் சாதாரணமாக ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழந்தான். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே அவற்றில் ஒன்றோ இரண்டோ கூடுதல் ஆழமாகவும் ஒழுங்கற்றும் அமைந்துவிடுகின்றன. சட்டைப் பையின் மூலையில் தூசி தங்குவதைப் போல அந்த ஆழத்தில் மலத்தின் துணுக்கு தங்குகிறது. குடலில் எப்போதும் இருக்கும் கிருமிகள் அங்கே பெருகிச் சுரப்பி சீழ்ப்பிடிக்கிறது. சீழ் வெளியேற வழி தேடி நேராகத் தோலை நோக்கி வந்து, ஆசனவாயிலிருந்து ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் தள்ளிக் கட்டியாக எழும்புகிறது. உடைந்த பிறகு உள்ளே குழிக்கும் வெளியே தோலுக்கும் இடையில் ஒரு மெல்லிய குழாய் எஞ்சினால் அதுதான் பவுத்திரம். கட்டி வந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இப்படிக் குழாய் எஞ்சுகிறது என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுகின்றன. சிலவற்றில் ஐந்தில் ஒருவர், சிலவற்றில் பாதிக்கும் மேல்.

பாதிக்கப்படுவோரில் மிகப் பெரும்பாலோர் ஆண் குழந்தைகள். ஏன் என்று யாரும் முடிவாக நிறுவவில்லை. ஆண்மைச் சுரப்பின் தூண்டலால் இந்தச் சுரப்பிகள் மிகையாக வேலை செய்கின்றன என்பது ஒரு கருத்து. பிறவியில் குழிகள் உருவாகும் விதத்திலேயே கோளாறு என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தும் இருக்கலாம்.

இந்த விளக்கத்தில் தாய் எங்கும் இல்லை. அவர் சாப்பிட்ட கருவாடோ, சரியாகக் கழுவாத துணியோ, கொடுத்த பாலோ இந்தக் குழியை ஆழமாக்கவில்லை. தாய்ப்பால் குடித்து நன்றாக வளரும் பிள்ளைக்கும் இது வருகிறது, நகரத்து மாடி வீட்டுப் பிள்ளைக்கும் வருகிறது. தோட்டத்துப் பெண்களிடம் ‘சுத்தம் போதாது’ என்று சொல்லிவிட்டுப் போவது பலருக்கு மிகவும் சுலபமாக இருக்கிறது. பீலியில் தண்ணீர் பிடித்து, விறகு தேடி, மழைக்காலத்தில் அடுப்புக்கு மேல் துணி காய வைத்துப் பிள்ளை வளர்ப்பவர்களிடம் அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. இந்த நோயில் அது உண்மையும் அல்ல.

வெந்நீரும் காத்திருத்தலும்

முன்பெல்லாம் பெரியவர்களுக்குச் செய்வதையே சிறிய அளவில் குழந்தைக்கும் செய்தார்கள்: கட்டியைக் கீறுவது, குழாய் எஞ்சினால் மயக்க மருந்து கொடுத்து அறுப்பது. 1990களின் பிற்பகுதியிலிருந்து ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வேறு இடங்களிலும் வெளிவந்த ஆய்வுகள் அந்த வழக்கத்தைக் கேள்வி கேட்டன. ஆரோக்கியமான கைக்குழந்தைகளை அறுக்காமல் கவனித்து வந்தபோது பலருக்குக் குழாய் மாதக்கணக்கில் தானாகவே மூடிக்கொண்டது. பெரும்பாலும் ஒரு வயதை ஒட்டி, சிலருக்கு அதைத் தாண்டியும். ஜப்பானியர் இந்தக் காத்திருப்புக் காலத்தில் ‘ஹைனோசன்கியூட்டோ’ என்ற தங்கள் மூலிகைக் கலவையையும் கொடுத்துப் பார்க்கிறார்கள். உடனே அறுத்துவிடுவதே நல்லது என்று சொல்லும் அறுவை நிபுணர்கள் இன்றும் உண்டு. ஆனால் சுகதேகியான கைக்குழந்தைக்கு முதலில் காத்திருக்கலாம் என்பதற்கு ஆதரவு கூடியிருக்கிறது. எனக்கும் அந்தப் பக்கமே நியாயமாகப் படுகிறது. தோட்டத்துக் குடும்பத்தின் கண்ணால் பார்த்தால் இன்னும் கூடுதலாகவே.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பதல்ல. மலம் போன ஒவ்வொரு தடவையும், அதைத் தவிர நாளுக்கு மூன்று நான்கு முறையும், வெதுவெதுப்பான நீர் உள்ள பேசினில் பிள்ளையின் பின்புறத்தைப் பத்து நிமிடம் வைத்திருக்க வேண்டும். சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பெரியவர் கைவிரலுக்கு இதமாகத் தெரியும் நீர் பிள்ளையின் தோலைச் சுட்டுவிடும். பிறகு ஒற்றித் துடைத்து, சிறிது நேரம் காற்றாட விட வேண்டும். நீரில் டெட்டோல் சேர்க்கத் தேவையில்லை. மஞ்சள், சாம்பல், புகையிலை எதையும் துவாரத்தின் மேல் அப்பக் கூடாது. ஊசியால் குத்தக் கூடாது, நசுக்கவும் கூடாது. தாய்ப்பாலை நிறுத்த எந்தக் காரணமும் இல்லை. காய்ச்சல் இருந்தாலோ, சிவப்பு கட்டியைத் தாண்டிப் பரவினாலோ டொக்டர் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தருவார். அது பரவும் தொற்றை அடக்குமே தவிர, எஞ்சிய குழாயை மூடாது. தோட்டத்து டிஸ்பென்சரியில் கிடைத்த மருந்துத் தண்ணீரைக் கட்டி வரும்போதெல்லாம் திரும்பத் திரும்பக் கொடுப்பதில் பயனில்லை என்பதற்கு அதுவே காரணம்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவத்தில், அட்டன் பக்கத்து மலையில், நாளுக்கு ஐந்தாறு தடவை வெந்நீர் வைப்பது ஒரு முழு வேலை. பகலில் அந்த வேலை தாயிடம் இல்லை. பிள்ளை மடுவத்து ஆயாவிடம் இருக்கிறது. ஆகவே இந்தச் சிகிச்சை உண்மையில் நடக்க வேண்டிய இடம் ஆஸ்பத்திரியும் அல்ல, லயமும் அல்ல, பிள்ளை மடுவந்தான். இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர்ப்பலகை மாறியிருக்கும் அந்தக் கட்டடங்களில் எப்போதும் வெந்நீர் இருக்க வேண்டும், ஒரு பிள்ளைக்கென்று தனிப் பேசின் இருக்க வேண்டும். பொறுப்பாயிருப்பவருக்கு இதைக் காட்டிக் கொடுக்க குடும்பநல மாது ஒரு தடவை வந்து போனாலே போதும்.

கட்டி பெரிதாகி, தொட்டால் மெத்தென்று அமுங்கி, பிள்ளை ஓயாமல் அழுதால் சீழை வெளியேற்றத்தான் வேண்டும். அது சிறு கீறல். டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ சத்திரசிகிச்சைப் பிரிவில் செய்யக்கூடியது. ஒரு வயதைத் தாண்டியும் துவாரம் மூடாமல் சீழ் வடிந்துகொண்டே இருந்தால் அப்போது அறுவை. மயக்க மருந்து கொடுத்து, வெளித் துவாரத்தின் வழியே மெல்லிய கம்பியைச் செலுத்தி, உள்ளே எந்தக் குழியில் அது போய் நிற்கிறதோ அதுவரை குழாயைத் திறந்துவிடுகிறார்கள். குழந்தைகளில் இந்தக் குழாய் அநேகமாக மேலோட்டமாக, நேராக ஓடுவதால் மலத்தை அடக்கும் சுருக்குத் தசைக்குச் சேதம் வருவது அரிது. காயம் சில வாரங்களில் ஆறிவிடும். பெரியவர்களின் பவுத்திரம் பல சமயம் தசைக்குள் வளைந்து நெளிந்து ஓடுவது; அங்கே அறுவை கடினம், திரும்பி வருவதும் அதிகம். பெரியவர்களுக்கு ஆயுள்வேதத்தில் கட்டப்படும் காரநூல் சிகிச்சைக்கு ஒரு மரபு உண்டு. அதைக் கைக்குழந்தையின் கட்டிக்குக் கேட்டுப் போக வேண்டியதில்லை. தானாக மூடக்கூடிய ஒன்றுக்கு நூல் கட்டுவதில் பொருளில்லை.

பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. அட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக பஸ் ஏறிப் போகலாம். நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புசல்லாவை, கம்பளை வழி. மருந்து இலவசம், படுக்கை இலவசம். இலங்கையின் இலவச மருத்துவம் பெருமைப்பட வேண்டிய ஒன்று, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கைப்பிள்ளையோடு விடியும் முன் புறப்பட்டு இரவில் திரும்பும் தாய்க்கு அன்றைக்குப் பேர் விழாது, அதாவது அந்த நாள் சம்பளக் கணக்கில் சேராது. கூடத் துணைக்குப் போகும் கணவருக்கோ மாமியாருக்கோ அன்றைய சம்பளம் போகும். அப்படிப் போய், ‘இன்னும் மூன்று மாதம் பார்ப்போம்’ என்று கேட்டுத் திரும்பி வந்தால் அடுத்த தடவை அந்தக் குடும்பம் போகாது. காத்திருக்கச் சொல்லும் சிகிச்சையை மலைமேல் வைத்துச் சொல்ல வேண்டும். அறுக்க வேண்டிய பிள்ளை மட்டும் மலையிறங்கினால் போதும்.

காத்திருக்கக் கூடாத பிள்ளைகள்

பிறந்து 28 நாள் ஆகாத சிசுவுக்கு இந்த இடத்தில் கட்டி வந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம்; அன்றே ஆஸ்பத்திரி. மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குக் காய்ச்சலும் சேர்ந்தால் அதேதான். இந்த வயதில் சீழ் இரத்தத்தில் கலந்தால் சில மணி நேரத்தில் நிலைமை மாறிவிடும். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், கட்டணம் இல்லை. தோட்டத்து லொறி ஃபக்டரியிலிருந்து திரும்பும்வரை பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

பெண் குழந்தைக்கு வந்தால் கட்டாயம் நிபுணர் பார்க்க வேண்டும். பெண்களில் இந்த எளிய வகைப் பவுத்திரம் அரிது. ஆசனவாய் சரியாக இருந்தும், மலக்குடலிலிருந்து பிறப்புறுப்பின் வாசலுக்கு இன்னொரு வழி பிறவியிலேயே அமைந்திருக்கலாம். ஆசிய நாடுகளின் மருத்துவ இதழ்களில்தான் அந்தக் கோளாறைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறார்கள். சீழ்க்கட்டி உடைந்து அப்படியொரு வழி பின்னால் உண்டாவதும் உண்டு. எப்படியானாலும் பிறப்புறுப்பு வழியாக மலமோ காற்றோ வருகிறது என்று தாய் சொன்னால், சொன்ன அன்றே அதை நம்ப வேண்டும்.

மற்ற அடையாளங்கள்: ஒன்றுக்கு மேற்பட்ட துவாரங்கள், ஆறாமல் ஆழமாகும் புண், இரத்தமும் சளியும் கலந்த பேதி, வாய்ப்புண், காதிலும் தோலிலும் நெஞ்சிலும் அடிக்கடி தொற்று, தொப்புள்கொடி ஒரு மாதமாகியும் விழாமலிருந்தது, அதே குடும்பத்தில் முன்பு ஒரு சிசு தொற்றால் இறந்தது, பெற்றோர் நெருங்கிய சொந்தத்துக்குள் மணந்தவர்கள். இவற்றில் ஏதாவது இருந்தால் கேள்வி குழியைப் பற்றியது அல்ல, உடலின் எதிர்ப்புச் சக்தியைப் பற்றியது. கிருமியைக் கொல்லும் வெள்ளணுக்கள் குறைவாகவோ, இருந்தும் வேலை செய்யாமலோ இருக்கலாம். 2009இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஒரு முக்கியமான கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள்: சில சிசுக்களுக்கு முதல் மாதங்களிலேயே வரும் கொடிய குடலழற்சிக்கும் ஆசனவாய்ப் பவுத்திரங்களுக்கும் இன்டர்லூகின்-10 என்ற சமிக்ஞையை ஏற்கும் மரபணுவின் பழுது காரணமாக இருந்தது. எத்தனை தடவை அறுத்தாலும் ஆறாத அந்த நோய் எலும்பு மஜ்ஜை மாற்றத்தால் அடங்கியது. அரிதிலும் அரிதான நோய்தான். ஆனால் பிள்ளையின் பின்புறத்தில் உள்ள ஒரு துவாரத்துக்கான விடை சில சமயம் எலும்பு மஜ்ஜையில் இருக்கிறது என்பதை அந்தக் கண்டுபிடிப்பு மருத்துவர்களுக்குக் காட்டியது. சாதாரண முழு இரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்களை எண்ணிப் பார்ப்பதிலிருந்தே தேடலைத் தொடங்கலாம்.

எச்சரிக்கைகளில் மிகவும் பயனுள்ளது ‘நிறை கூடவில்லை’ என்பது. அதுதான் நமது மலைகளில் மிக எளிதாகக் கண்ணுக்குத் தப்புவதும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டப் பகுதியில் 32 வீதத்துக்கு அருகில். மூன்றில் ஒரு பிள்ளை கட்டையாக வளரும் இடத்தில், மெலிந்த பிள்ளை ஒருவருக்கும் வியப்பளிப்பதில்லை. கிளினிக் புத்தகத்தில் நிறைக்கோடு சரிந்தால் திரிபோஷா பைக்கற்று கொடுத்து அனுப்பிவிடலாம். அந்தப் பிள்ளைக்கு ஆசனவாயின் ஓரத்தில் சீழும் வடிகிறது என்பதை ஒருவர் பார்த்திருப்பார், நிறை போதாது என்பதை இன்னொருவர் எழுதியிருப்பார். இரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்த்து வாசிக்க ஆளில்லாமல் போவதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. தோட்டத்தின் பட்டினி இன்னொரு நோயையும் மறைக்கிறது என்றால் அந்தப் பட்டினியின் கணக்கை நாம் இன்னும் சரியாக எழுதவில்லை.

பிறந்த அன்றே பார்க்க வேண்டியது

இதுவரை பேசியது பிறகு வருவது. பிறக்கும்போதே இருக்கும் பவுத்திரம் வேறு. ஏறத்தாழ 5,000 பிரசவத்துக்கு ஒரு குழந்தை ஆசனவாய் சரியாக அமையாமல் பிறக்கிறது. மலக்குடல் தன் இடத்துக்கு வந்து திறக்காமல், வழி தவறி வேறெங்கோ மெல்லிய குழாயாக முடிகிறது. ஆண் குழந்தைகளில் பெரும்பாலும் சிறுநீர்ப் பாதையில், அல்லது விதைப்பைக்குப் பின்னால் உள்ள தோலில். பெண் குழந்தைகளில் பெரும்பாலும் பிறப்புறுப்பின் வாசலில்.

வாசலே இல்லாத பிள்ளையை யாரும் தவறவிட மாட்டார்கள் என்று தோன்றும். தவறுகிறது, உலகெங்கும் தவறுகிறது. காரணம், பிள்ளை மலம் போகிறது. அணையாடையில் கறுப்பு மலம் தெரிந்தவுடன் எல்லாம் சரி என்று எழுதிவிடுகிறார்கள். அது எந்தத் துவாரத்தின் வழியாக வந்தது என்று பார்ப்பதில்லை. பிறப்புறுப்பின் வாசலில் திறக்கும் குழாய் தாய்ப்பாலின் இளகிய மலத்துக்குப் போதுமானதாக இருக்கும். ஆறு மாதத்தில் சோறு மசித்து ஊட்டத் தொடங்கியதும் மலம் இறுகுகிறது, பிள்ளை முக்கி முக்கி அழுகிறது, வயிறு உப்புகிறது. மலச்சிக்கல் என்று மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அதற்குள் மேலே உள்ள குடல் அகன்று தொய்ந்து, பின்னாளில் சரிசெய்வதும் கடினமாகிவிடுகிறது.

ஆண்டுக்கு ஐம்பது பிரசவம் நடக்கும் ஒரு பகுதியைக் கவனிக்கும் குடும்பநல மாதுவுக்கு, கணக்குப்படி, இப்படியொரு பிள்ளை நூறு வருடத்தில் ஒன்றுதான் வரும். அவரது சேவைக்காலம் முழுவதும் ஒன்றைக்கூடக் காணாமல் ஓய்வு பெறலாம். இங்கே அனுபவத்தை நம்பியிருக்க முடியாது, ஆகவே விதியை நம்ப வேண்டும். ஒவ்வொரு சிசுவுக்கும், விதிவிலக்கில்லாமல், கால்களைத் தூக்கி, பிட்டங்களை விலக்கி, சுருக்கங்களின் நடுவில் துவாரம் இருக்கிறதா, சரியான இடத்தில் இருக்கிறதா, பெண் பிள்ளையானால் துவாரங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது. அரை நிமிட வேலை. இன்று தோட்டத்துப் பிரசவங்கள் ஏறக்குறைய எல்லாமே ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. லயக் காம்பராவில் மருத்துவிச்சி கையில் பிறந்த காலம் போய்விட்டது. ஆகவே வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு முறை, பத்து நாளுக்குள் மாது வீட்டுக்கு வரும் இரண்டு தடவையில் ஒரு முறை என்று இரண்டு சோடிக் கண்கள் பார்க்க வழி இருக்கிறது. பார்த்ததை எழுதவும் வேண்டும்.

கண்டுபிடித்தால் உடனே வாயால் பால் கொடுப்பதை நிறுத்தி, மூக்கு வழியே வயிற்றுக்குக் குழாய் விட்டு, சேலைன் ஏற்றிச் சூடு குறையாமல் பேராதனைக்கு அனுப்ப வேண்டும். அங்கே முதல் 24 மணி நேரம் அவதானிப்பார்கள். தோலிலோ சிறுநீரிலோ மலத்தின் அடையாளம் தெரிகிறதா என்று பார்த்தால்தான் குழாய் எங்கே திறக்கிறது என்பது புலப்படும். இருதயம், சிறுநீரகம், முதுகெலும்பு, உணவுக்குழாய் எல்லாவற்றையும் சோதிப்பார்கள். இந்தப் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வேறொரு பிறவிக் கோளாறும் சேர்ந்திருக்கிறது.

இந்த அறுவையின் வரலாற்றை வாசிக்கும்போது எனக்கு மலைப்பாக இருந்தது. ஏழாம் நூற்றாண்டில் ஏஜினா தீவின் பவுல் என்ற கிரேக்க மருத்துவர் ஆசனவாயை மூடியிருக்கும் சவ்வைக் குத்தித் திறக்கும் முறையை எழுதி வைத்தார். 1835இல் பாரிஸில் அமுஸா என்ற அறுவை மருத்துவர் மலக்குடலைக் கீழே இழுத்துத் தோலோடு தைத்தார். உயிர் பிழைத்தவர்களில் பலர் மலத்தை அடக்க முடியாமல் வாழ்ந்தார்கள். அறுப்பவரின் கண்ணுக்குத் தசைகள் தெரியவில்லை, கை உணர்வை நம்பியே வேலை செய்தார்கள். 1980இல் மெக்சிகோவில் அல்பெர்ட்டோ பேன்யா, பீட்டர் டிவ்ரீஸுடன் சேர்ந்து, பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்து, பின்புறத்தின் நடுக்கோட்டில் மட்டும் பிளந்து, தசைகள் அத்தனையையும் கண்முன் கொண்டுவந்தார். மின் தூண்டலில் தசை எங்கே சுருங்குகிறதோ அந்த மையத்தில் மலக்குடலைக் கொண்டுவந்து பொருத்தினார். 1982இல் அதை எழுதி வெளியிட்டார்கள். இன்று உலகின் பெரும்பாலான குழந்தை அறுவை மருத்துவர்கள் அந்த வழியில்தான் செய்கிறார்கள்.

தோலில் திறக்கும் எளிய வகையானால் பிறந்த சில நாட்களிலேயே ஒரே அறுவையில் முடியலாம். மற்றவர்களுக்கு மூன்று கட்டம். முதலில் வயிற்றில் துவாரமிட்டுப் பெருங்குடலை வெளியே திறந்துவைக்கும் கொலோஸ்டமி. சில மாதம் கழித்து ஆசனவாயை உருவாக்கும் பெரிய அறுவை. அது ஆறிய பின் வயிற்றுத் துவாரத்தை மூடுவது. நடுவில் பல மாதங்கள் அந்தப் பிள்ளை லயத்தில்தான் இருக்கும். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், பொதுப் பீலித் தண்ணீரில், வயிற்றில் ஒட்டும் பையை மாற்றி, சுற்றியுள்ள தோல் வெந்துபோகாமல் காத்து வளர்க்க வேண்டும். பை தீர்ந்தால் சுத்தமான பருத்தித் துணியை மடித்துக் கட்டலாம். தோலுக்கு சிங்க் ஒக்சைட் பூச்சு நல்லது. இரண்டாவது அறுவைக்கு இரண்டு வாரம் கழித்து விரிவாக்கும் கம்பிகள் தொடங்கும். மழமழப்பான உலோகக் கம்பியைப் பிள்ளையின் புதிய ஆசனவாயில் நாளுக்கு இரண்டு முறை செலுத்தி, வாரத்துக்கு வாரம் பருமனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் அது சுருங்கி மூடிக்கொள்ளும். இதைச் செய்பவர் தாய். தன் பிள்ளை அலற அலறத் தன் கையாலேயே, மாதக்கணக்கில். எப்படி, எவ்வளவு ஆழம், எத்தனை விநாடி என்பதையெல்லாம் அவருக்குப் புரியும் மொழியில் ஒருவர் கற்பித்திருக்க வேண்டும். சிங்களத்தில் சொல்லித் தலையாட்ட வைத்து அனுப்பிவிட்டால் அந்த மூன்று அறுவையும் வீணாகலாம்.

தோட்டங்களில் மருத்துவ வசதி பற்றி 1872இலேயே சட்டம் போட்டார்கள். 1912இல் அதைத் திருத்தி விரித்தார்கள். நோயுற்ற தொழிலாளி கம்பனிக்கு நட்டம் என்ற கணக்கில் பிறந்த சட்டங்கள் அவை. 2017 மே 12ஆம் திகதி டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் வைத்தியசாலையை இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்தார். நுவரெலியாவில் நெதர்லாந்தின் உதவியோடு புதிய மாவட்ட வைத்தியசாலை எழுந்தது. கட்டடங்கள் மலைக்கு வந்துவிட்டன. இனி வர வேண்டியவர் குழந்தை அறுவை நிபுணர். பேராதனையிலிருந்து ஒருவர் மாதம் ஒரு முறையாவது டிக்கோயாவுக்கும் நுவரெலியாவுக்கும் ஏறி வந்து கிளினிக் வைத்தால், கட்டியோடு காத்திருக்கும் பிள்ளைகளையும், கொலோஸ்டமியோடு காத்திருக்கும் பிள்ளைகளையும் இங்கேயே பார்த்துவிடலாம். தமிழ் பேசும் ஒரு தாதி அவரோடு இருக்க வேண்டும்.

அப்படியும் சில நாட்கள் பேராதனைக்குப் போகத்தான் வேண்டும். மூன்று அறுவை என்றால் மூன்று முறை வார்ட்டில் தங்குவது, அதைத் தவிர விரிவாக்கும் கம்பியின் பருமன் பார்க்கும் நாட்கள், பிறகு பள்ளிக்கூடம் போகும் வயதுவரை மலம் அடங்குகிறதா என்று பார்க்கும் நாட்கள். ஒவ்வொன்றுக்கும் ஆஸ்பத்திரி துண்டு தருகிறது. அந்தத் துண்டைக் காட்டினால் அன்றைய பேர் விழ வேண்டும், அரைப் பேர் அல்ல, முழுப் பேர். அடுத்த முறை கம்பனிகளோடு சம்பளம் பேச உட்காரும் தொழிற்சங்கங்கள் கிலோக் கணக்கோடு இதையும் எழுதி எடுத்துக்கொண்டு போகட்டும்.